சால்குரோவ் அகழிப் பண்ணை: நீர் சூழ்ந்த மேட்டின் தொல்லியலும் அதன் பாதுகாப்பும்

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்துக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில், சில்டர்ன் குன்றுகளை அடுத்த தாழ்நிலத்தில், சால்குரோவ் என்னும் ஊர் அமைந்துள்ளது. அவ்வூரில் ஹார்டிங்ஸ் ஃபீல்டு என்று வழங்கும் வயலில் 1976 முதல் 1979 வரை ஆக்ஸ்ஃபோர்டு தொல்லியல் பிரிவு நடத்திய மீட்பு அகழாய்வு, அகழி சூழ்ந்த ஓர் இடைக்கால மாளிகையையும் அதனோடு இணைந்த பண்ணைக் கட்டடங்களையும் ஏறக்குறைய முழுத் தரைப்படமாக வெளிக்கொணர்ந்தது. அழிவை எதிர்நோக்கியிருந்த மேடுபள்ளங்களை அழியுமுன் பதிவு செய்துவிட வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய பணி அது. அதன் முழு அறிக்கை 2005இல்தான் நூலாக வெளிவந்தது.

இந்த ஒரு தளத்தை மையமாக வைத்து, இடைக்கால அகழிப் பண்ணைகள் எப்படித் தோன்றின, மண்ணுக்குள் எவற்றைக் காத்து வைத்திருக்கின்றன, இன்றைய பாதுகாப்பு முறை அவற்றில் எதைக் காக்கிறது, எதைக் கைவிடுகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கண்ணுக்குத் தெரியும் நீர்வளையத்தைத்தான் நாம் மரபுச் செல்வம் என்று கொண்டாடுகிறோம். ஆனால் அறிவுக்குப் பயன்படும் செல்வம் பெரும்பாலும் மேட்டின் அடியிலும், அகழியின் சேற்றிலும், வளையத்துக்கு வெளியே இருக்கும் வயலிலும் கிடக்கிறது என்பதே என் மதிப்பீடு.

எங்கே, எத்தனை

அகழி என்றதும் கோட்டையும் கொத்தளமும் மனத்தில் எழுவது இயல்பு. இங்கே பேசப்படுபவை கோட்டைகள் அல்ல. இங்கிலாந்தில் ஏறத்தாழ 6,000 அகழித் தளங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நிலவுடைமையாளரின் வீடும் களஞ்சியமும் தொழுவமும் கொண்ட பண்ணை வளாகங்கள். அகலமான பள்ளம் ஒன்று, ஆண்டு முழுவதுமோ மழைக்காலத்தில் மட்டுமோ நீர் தேங்கி நிற்க, அதன் நடுவே ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட மண்மேடுகள் உலர்ந்த தீவுகளாக இருக்கும். வடிவம் பெரும்பாலும் சதுரம் அல்லது செவ்வகம். ஒருபுறம் பாலம், பாலம் போன பிறகு, மண் கொட்டி அமைத்த பாதை.

இவற்றில் பெரும்பாலானவை ஏறத்தாழ 1250க்கும் 1350க்கும் இடைப்பட்ட நூறாண்டுகளில் வெட்டப்பட்டவை. மக்கள்தொகை பெருகி, விளைநிலத்துக்குப் பசி மிகுந்திருந்த காலம் அது. பரவலைப் பார்த்தால் நாட்டின் மத்தியப் பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும், குறிப்பாக சஃபோக், எஸெக்ஸ் வட்டாரங்களின் களிமண் நிலத்தில், இவை நெருங்கிக் கிடக்கின்றன. களிமண் நீரை உள்ளே இறங்கவிடாது. சுண்ணாம்புப் பாறை நிலத்தில் இதே பள்ளத்தை வெட்டினால், எவ்வளவு நீர் பாய்ச்சினாலும் வறண்ட குழிதான் மிஞ்சும்.

மண்ணின் தன்மை மட்டும் இதற்கு விடையாகிவிடாது. வாரிக்‌ஷயரில் ஆர்டன் என்ற காட்டுப் பகுதியும் ஃபெல்டன் என்ற திறந்த வயற்பகுதியும் அடுத்தடுத்து உள்ளன. பிரையன் ராபர்ட்ஸ் 1960களில் செய்த ஆய்வு, ஆர்டனில் அகழித் தளங்கள் மிகுந்தும் ஃபெல்டனில் அருகியும் இருப்பதை எடுத்துக்காட்டியது. ஃபெல்டனில் ஊர்கள் செறிந்து, வயல்கள் பொதுப் பட்டைகளாகப் பங்கிடப்பட்டு, புதிதாக யாரும் இடம் பிடிக்க வழியின்றி இருந்தன. ஆர்டனிலோ காட்டை வெட்டித் திருத்தி, தனித்தனியாகப் பண்ணை அமைத்துக்கொள்ளும் வாய்ப்பு இருந்தது. அப்படித் திருத்திய நிலத்தின் நடுவே, பெரிய பிரபு அல்லாத, ஓரளவு வசதி படைத்த சுதந்திரக் குடியானவர்களும் அகழி வெட்டிக்கொண்டார்கள். ஆகவே ஓர் அகழித் தளம் ஊர்க் கோயிலை ஒட்டி இருக்கிறதா, ஊர் எல்லையில் பழைய காட்டின் ஓரமாக இருக்கிறதா என்று பார்ப்பதே அதை வெட்டியவர் யார் என்பதற்கு முதல் துப்பாகிறது. மாறாத விதி அன்று. ஆனாலும் நிலப்படத்தை விரித்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஐரோப்பாவின் பிற பகுதிகளிலும் இவை உண்டு. ஃபிளாண்டர்ஸ் பகுதியில் வீட்டுக்கு ஒரு தீவும் பண்ணைக் கட்டடங்களுக்கு இன்னொரு தீவுமாக இரட்டை அமைப்பு பரவலாகக் காணப்படுகிறது. அயர்லாந்தின் தென்கிழக்கில் 13ஆம் நூற்றாண்டின் ஆங்கிலோ-நார்மன் குடியேறிகள் இதே வடிவத்தைக் கொண்டுசென்றார்கள். அங்கே சுவையான விதிவிலக்கு ஒன்றும் இருக்கிறது: ராஸ்காமன் மாவட்டத்தின் குளூன்ஃப்ரீயில், குடியேறியவர்களை எதிர்த்து நின்ற, அயர்லாந்தின் பூர்வகுடிகளான கேலிக் மரபைச் சேர்ந்த கானாட் அரசர் ஏய் ஓகானர், 1300ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதே சதுர அகழியை வெட்டி அதனுள் வீடு கட்டினார், அவருடைய அவைப் புலவர்கள் அதைப் பண்டைய அரசர்களின் அரண்மனையோடு ஒப்பிட்டுப் பாடினார்கள். எதிரியின் கட்டடப் பாணியை எடுத்துக்கொண்டு, அதைத் தம் பழைய மரபின் புகழ்மொழியால் தமதாக்கிக்கொண்ட செயல் இது. அகழி எந்த ஓர் இனத்தின் அடையாளமாகவும் நின்றுவிடவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மண் வெட்டிய கணக்கு

அகழி வெட்டுதல் என்பது எவ்வளவு பெரிய வேலை என்பதை ஒரு மாதிரிக் கணக்கால் உணரலாம். பக்கத்துக்கு 50 மீட்டர் உள்ள சதுரத் தீவை எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றிலும், மேற்புறம் 8 மீட்டர், அடிப்புறம் 4 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் உள்ள பள்ளத்தை வெட்டினால், வெளியேறும் மண் ஏறத்தாழ 2,800 கன மீட்டர். ஈரக் களிமண்ணை ஒருவர் ஒரு நாளில் 2 கன மீட்டர் அளவுக்கு வெட்டிச் சுமப்பதாகக் கொண்டால் 1,400 ஆள்-நாட்கள் பிடிக்கும். 20 பேர் வைத்தால் 70 வேலை நாட்கள். ஒரு பெரிய நிலவுடைமையாளருக்கு இது ஒரு பருவத்துக்குள் முடிகிற காரியம். சொந்தக் கையாலும் கூலிக்கு வைத்த சிலராலும் வெட்டிய சிறு குடியானவருக்கோ இது பல பருவங்களின் உழைப்பு.

அந்த மண் எங்கே போனது என்பது தொல்லியலாளருக்கு முக்கியமான கேள்வி. முழுவதையும் தீவின் மேல் பரப்பியிருந்தால், மேற்சொன்ன மாதிரியில் தரை 1 மீட்டருக்கும் சற்று அதிகமாக உயரும். நடைமுறையில் ஒரு பகுதி உள்ளேயும் ஒரு பகுதி வெளிக்கரையிலும் சேர்ந்திருக்கும். உள்ளே பரப்பிய மண், அதற்கு முந்தைய நிலப்பரப்பை, அதாவது பழைய வீட்டின் தரையையும் அடுப்பையும் வேலிக்கம்பு நட்ட குழிகளையும் உழவுத்தடங்களையும், அப்படியே மூடிவிடுகிறது. பின்னாளில் ஏர் ஓடினாலும் கொழு அந்த அடியடுக்குக்கு எளிதில் இறங்காது. அகழி வெட்டியவர்கள் தமக்குத் தெரியாமலேயே தமக்கு முன்னால் வாழ்ந்தவர்களின் தடயத்தைக் காத்துவிட்டார்கள். சால்குரோவில் நடந்ததும் இதுதான்: அகழிக்கு முன்பே அவ்விடத்தில் கட்டடங்கள் இருந்ததை அகழாய்வு காட்டியது. அகழியின் காலத்தையே குடியிருப்பின் தொடக்கக் காலமாகக் கொள்வது எவ்வளவு தவறாகக்கூடும் என்பதை அத்தளம் உணர்த்துகிறது.

சால்குரோவில் கண்டது

13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சால்குரோவ் நிலத்தின் ஒரு பங்கு ட்ரூ டி பாரெண்டின் என்பவரிடம் இருந்தது. மூன்றாம் ஹென்றி அரசரின் நம்பிக்கைக்குரிய அலுவலர் அவர். கால்வாய்த் தீவுகளின் காவலராகவும், பிரான்ஸின் தென்மேற்கில் ஆங்கில அரசருக்கு உரிமையாக இருந்த காஸ்கனியின் ஆளுநராகவும் பணியாற்றியவர். அவர் காலத்தில்தான் அகழி சூழ்ந்த மாளிகை உருவானது. இரண்டு தீவுகள்: பெரியதில் மாளிகையும் பண்ணைக் கட்டடங்களும், சிறிய தீவு தனியே.

மாளிகையின் உட்கட்டமைப்பு அக்காலத்து ஆங்கில நிலவுடைமையாளர் வீடுகளின் பொது இலக்கணத்தைப் பின்பற்றியது. நடுவே பெரிய கூடம். அதன் ஒரு முனையில் குடும்பத்தார் ஒதுங்கியிருக்கும் தனியறைப் பகுதி, மறுமுனையில் உணவும் பானமும் எடுத்து வைக்கும் பணியறைகள், அதற்கப்பால் சமையற்கட்டு. தீப்பிடிக்கும் அச்சத்தால் சமையற்கட்டை விலக்கிக் கட்டுவது அன்றைய வழக்கம். நில வழக்குகளை விசாரித்தது, குத்தகைப் பாக்கியைக் கணக்குப் பார்த்தது, அறுவடை முடிந்ததும் வேலையாட்களுக்கு விருந்து வைத்தது எல்லாமே கூடத்தில்தான். சால்குரோவ் மாளிகை ஒரே மூச்சில் கட்டி முடித்த கட்டடம் அன்று. தலைமுறைக்குத் தலைமுறை இடித்தும் சேர்த்தும் மாற்றியும் வந்திருக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் அது மேலும் விரிந்தது.

என்னைப் பொறுத்தவரை இந்த அகழாய்வின் தனிச்சிறப்பு மாளிகையில் இல்லை. பெரும்பாலான அகழித் தளங்களில் காலமும் பணமும் போதாமல், அகழியின் குறுக்கே ஒரு வெட்டும் கூடத்தின் மேல் சில குழிகளும் போட்டுவிட்டு வேலை நின்றுவிடும். வைக்கோல் போட்ட இடம், மாடு கட்டிய இடம், தானியம் அடித்த இடம் ஆகியவற்றை யாரும் பொறுமையாகத் திறந்து பார்ப்பதில்லை; அழகான பொருள் எதுவும் கிடைக்காது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுவதுதான் காரணம். சால்குரோவிலோ பெரிய தீவின் பெரும்பகுதியைத் திறந்ததால், களஞ்சியமும் புறா மாடமும் பண்ணை முற்றமும் மாளிகையோடு எவ்வாறு பொருந்தியிருந்தன என்று காண முடிந்தது. பிரபுவின் வாசலுக்கும் பண்ணை முற்றத்துக்கும் இடையே சில எட்டுகள்தாம். மாட்டுச் சாணத்தின் மணமும் விருந்தின் மணமும் ஒரே நீர்வளையத்துக்குள் கலந்திருந்தன. அகழி மாளிகையை வறுமையான அண்டை அயலிலிருந்து பிரித்தது. பண்ணை வேலையிலிருந்து பிரிக்கவில்லை.

புறா மாடத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இடைக்கால இங்கிலாந்தில் புறா மாடம் வைப்பது பொதுவாக நிலப்பிரபுவுக்கு உரிய சலுகை. அவருடைய புறாக்கள் குடியானவர்களின் வயலில் மேய்ந்து கொழுக்கும்; குடியானவர் அவற்றைத் தொடக்கூடாது. குஞ்சுகள் பிரபுவின் உணவு மேசைக்கும், எச்சம் அவருடைய தோட்டத்துக்கு உரமாகவும் போகும். வட்டமான ஓர் அடித்தளத்தை அகழாய்வில் காணும்போது அது வெறும் பறவைக்கூடாகத் தெரிந்தாலும், ஊரின் விளைச்சலைச் சத்தமின்றி ஒரு வீட்டுக்கு மாற்றிய ஏற்பாட்டின் மிச்சம் அது. குளிர்காலத்தில் புத்திறைச்சி கிடைப்பது அரிதாக இருந்த சமூகத்தில் இதன் மதிப்பு இன்னும் கூடுதல்.

14ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இந்த ஏற்பாடு முழுவதும் ஆட்டங்கண்டது. 1315-17 பஞ்சமும், அதைவிடக் கொடிதாக 1348-49 கொள்ளைநோயும் உழைக்கும் கைகளைக் குறைத்தன, கூலி ஏறியது, தானிய விலை காலப்போக்கில் தளர்ந்தது. 1400ஐ ஒட்டிய ஆண்டுகளுக்குள் பிரபுக்கள் பலர் நேரடி விவசாயத்தைக் கைவிட்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். பண்ணை முற்றத்தைத் தம் வாசலிலேயே வைத்துக்கொள்ள வேண்டிய தேவை போய்விட்டது. பாரெண்டின் குடும்பத்தின் கதையும் அவ்வழியே செல்கிறது. அக்குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ட்ரூ, லண்டனில் பொற்கொல்லராகப் பொருளீட்டி, 1398இலும் 1408இலும் அந்நகரத்தின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடும்பத்தின் நாட்டம் அருகிலிருந்த லிட்டில் ஹேஸ்லிக்கு நகர்ந்தது. சால்குரோவ் மாளிகை 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கைவிடப்பட்டு இடிக்கப்பட்டது.

ஊரில் அவர்களின் தடம் முற்றிலும் அழிந்துவிடவில்லை. தூய மரியாள் கோயிலின் பலிபீடப் பகுதிச் சுவர்களை நிறைத்திருக்கும் 14ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் அக்குடும்பத்தின் ஆதரவில் வரையப்பட்டவை என்றே கருதப்படுகின்றன. அவர்களின் பித்தளை நினைவுத் தகடுகளும் அங்கே இருக்கின்றன. மாளிகை மண்ணாகி, கோயில் நின்றது.

பாதுகாப்பா, பகட்டா

அகழி எதற்காக என்ற கேள்வியில் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். காவலுக்கு என்பது பழைய விடை. அந்தஸ்துக்கு என்பது அதற்குப் பின் வலுப்பெற்ற விடை. ஈரக் களிமண்ணில் வீட்டடியை உலர்த்தத்தான் வெட்டினார்கள் என்பது மூன்றாவது. மீன் வளர்ப்பு, கால்நடைக்கு நீர், தீயணைப்பு ஆகியவற்றையும் சிலர் சேர்ப்பார்கள்.

8 மீட்டர் நீர்ப்பரப்பு ஒரு படையை நிறுத்தாது. முற்றுகைக் கருவி எதுவும் வேண்டாம். விறகுக் கட்டுகளைப் போட்டு நிரப்பினாலே போதும். ஆனால் பண்ணை வீட்டுக்காரரின் அன்றாட அச்சம் படையெடுப்பு அன்று. இரவில் வந்து தொழுவத்தைத் திறக்கும் திருடரும், பகை தீர்க்க வைக்கோல் போரில் தீ வைக்கும் அண்டைவீட்டாரும், பஞ்சக் காலத்தில் களஞ்சியத்தைக் குறிவைக்கும் கூட்டமும்தான். அத்தகையோருக்கு ஒரே வாசல், ஒரே பாலம், நான்கு பக்கமும் குளிர்ந்த நீர் என்பது போதுமான தடை. 1260களின் பிரபுக்கள் கலகமும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலவிய சட்டம் ஒழுங்குச் சீர்கேடும் அகழிகள் பெருகிய காலத்தோடு ஒத்துப்போவதையும் புறந்தள்ள முடியாது.

அந்தஸ்து வாதத்துக்கும் வலுவான சான்றுகள் உண்டு. கொத்தளச் சுவர் எழுப்ப அரசரின் அனுமதி பெறுவது வழக்கமாக இருந்தது. அகழி வெட்ட அப்படி அனுமதி தேவைப்படவில்லை. கோட்டையின் தோற்றத்தைச் சாதாரண மண்வெட்டியால் வாங்கிக்கொள்ள வழி இருந்தது. ஹெரிஃபோர்ட்‌ஷயரில் லோயர் பிராக்ஹாம்ப்டன் என்ற அகழி வீட்டைப் பாருங்கள். வீடு 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. அகழியின் மேல் நிற்கும் அழகிய மரச்சட்ட வாயில் மாடமோ, மரத்தின் ஆண்டு வளையங்களை ஒப்பிட்டுச் செய்யும் மரவளையக் காலக்கணிப்பின்படி 1540களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. மரச்சட்டமும் பூச்சுச் சுவரும் கொண்ட அந்த வாயில், கோடரியோடு வருகிற இருவரைக்கூட வெகுநேரம் தடுத்திருக்காது. அது வருகிறவரைக் காக்க வைத்து, குனிய வைத்து, உள்ளே விடுவதற்கான ஏற்பாடு.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைத் தள்ளுவது வீண் வேலை என்று நினைக்கிறேன். அரசவையில் பழகி, காஸ்கனியில் ஆட்சி நடத்தித் திரும்பிய ட்ரூ டி பாரெண்டினுக்கு அகழி முதன்மையாகப் பெருமையின் வெளிப்பாடாக இருந்திருக்கும். ஆர்டன் காட்டோரத்தில் தனியே வாழ்ந்த குடியானவருக்கு அதே அகழி, நிலத்தின் மீது தன் உரிமையை அழிக்க முடியாதபடி எழுதி வைக்கும் செயலாகவும், மாடுகளைக் காக்கும் வேலியாகவும் இருந்திருக்கும். வடிவம் ஒன்றாக இருப்பதால் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே இந்த விவாதத்தை இவ்வளவு காலம் இழுத்தது.

சேறு காத்தவை

தீவின் மேற்பரப்பில் கல்லும் ஓடும் எலும்பும் உலோகமும் மிஞ்சும். மரம், தோல், துணி, விதை, பூச்சியின் ஓடு ஆகியவை அங்கே மட்கிவிடும். அகழியின் அடிச்சேறு வேறு உலகம். நீரில் மூழ்கிய களிமண்ணுக்குள் காற்று புகாது. காற்று இல்லாத இடத்தில் மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் வேலை செய்ய முடியாது. பாலத்தின் ஓக் மர அடிச்சட்டங்கள் அங்கே நூற்றாண்டுகள் கடந்தும் உறுதியாக இருக்கும். போதிய வளையங்கள் இருந்தால், மரம் வெட்டப்பட்ட ஆண்டையே சொல்லிவிடலாம். செருப்பின் அடித்தோல், உடைந்த மரக்கிண்ணம், வாளியின் பலகை, கழிப்பறைத் துளை வழியே விழுந்த பழக்கொட்டைகள், மீன் முள், குடற்புழுக்களின் முட்டை எல்லாம் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். மகரந்தத் துகள்கள் சுற்றுவட்டாரத்தில் காடு எப்போது குறைந்தது, எந்தத் தானியம் எப்போது விளைந்தது என்பதைப் பதிவு செய்திருக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. வாழ்ந்தவர்கள் அகழியை அவ்வப்போது தூர் வாரினார்கள். எனவே, அடியில் கிடைக்கும் சேறு பெரும்பாலும் கடைசி முறை தூர் வாரியதற்குப் பிந்தைய காலத்தைத்தான் பேசும். வீடு செழித்திருந்த நாட்களின் குப்பை கரையில் வாரிக் கொட்டப்பட்டு மட்கியிருக்கும். ஆகவே அகழிச் சேற்றின் சான்று கைவிடப்பட்ட காலத்தை நோக்கிச் சாய்வுடையது. தூர் வாரிய மண் கிடக்கும் வெளிக்கரையும் வயலோரமும் ஆய்வுக்கு இன்றியமையாதவை ஆவது இதனால்தான். நிலத்துக்கு எருவோடு சேர்த்துக் கொண்டுபோன மட்பாண்டச் சில்லுகள் வயலெங்கும் சிதறிக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி நிலப்படத்தில் குறித்தால், எந்த வயலை எந்த நூற்றாண்டில் உழுதார்கள் என்பது தெளிவாகத் தொடங்கும். பண்ணை என்பது வீடும் அகழியும் மட்டும் அன்று என்பதை இந்தச் சில்லுகள் நினைவூட்டுகின்றன.

சட்டத்தின் கோடு எங்கே முடிகிறது

பிரிட்டனில் தொல்சின்னங்களைக் காக்கும் முதல் சட்டம் 1882இல் வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி தேசிய முக்கியத்துவம் உடையதாகப் பட்டியலிடப்பட்ட இடத்தில் மண்ணைத் தோண்டவோ நிரப்பவோ மாற்றவோ முன் அனுமதி வேண்டும். அறியப்பட்ட அகழித் தளங்களில் ஒரு பகுதியே இப்பட்டியலில் உள்ளது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகள் இத்தளங்களுக்குக் கொடிய காலம். உணவு உற்பத்தியைப் பெருக்க அரசு ஊக்கம் கொடுத்தது, வடிகால் அமைக்க மானியம் கிடைத்தது, புல்டோசர் வந்தது. 70 நாட்கள் 20 பேர் வெட்டிய பள்ளத்தை ஓர் இயந்திரம் ஓரிரு நாட்களில் மூடிவிடும். இந்த அழிவின் வேகத்தைக் கண்டுதான் 1970களின் தொடக்கத்தில் அகழித் தளங்களுக்கென்றே ஓர் ஆய்வுக் குழு உருவானது. யார்க்‌ஷயரின் அகழித் தளங்களைப் பற்றி ஜீன் லெ படூரெல் 1973இல் வெளியிட்ட ஆய்வு, களப்பணியையும் ஆவணத்தையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் முறைக்கு முன்மாதிரியாக அமைந்தது. ஆய்வுக் குழு 1986இல் கைவிடப்பட்ட இடைக்கால ஊர்களை ஆராய்ந்த குழுவோடு இணைந்தது. அகழியை ஊரிலிருந்து பிரித்துப் பார்க்கக்கூடாது என்ற புரிதல் அதற்குள் வலுப்பெற்றிருந்தது.

ஆய்வாளர்கள் வந்தடைந்த அந்தப் புரிதல் பாதுகாப்பு எல்லைகளில் முழுமையாக எதிரொலிக்கவில்லை. பட்டியலின் வரைபடத்தில் சிவப்பு எல்லை பெரும்பாலும் அகழியின் வெளிவிளிம்பையோ அதற்குச் சில மீட்டர் அப்பாலோ தொட்டு நின்றுவிடுகிறது. மீன்குளங்களும் தோட்டமும் பழைய பாதையும் சேர்க்கப்பட்ட நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. ஆனால் சில்லுகள் சிதறிய வயலை அந்தக் கோடு எட்டுவது அரிது. எல்லைக்குள்ளேயும்கூட முழுப் பாதுகாப்பு இல்லை: ஏற்கெனவே உழப்பட்டு வந்த நிலமானால், அதே ஆழத்துக்குத் தொடர்ந்து உழுவதற்குப் பொது அனுமதி இருக்கிறது. ஆழம் அதேதான் என்று காகிதத்தில் சொல்லலாம். ஒவ்வொரு ஆண்டும் மழையும் காற்றும் மேல்மண்ணில் ஒரு படலத்தைக் கொண்டுபோக, அதே ஆழத்து ஏர் ஆண்டுக்கு ஆண்டு பழைய அடுக்குக்குள் சற்று அதிகமாக இறங்கும். சட்டத்துக்கு உட்பட்டு, யாரும் தவறு செய்யாமலேயே ஒரு தளம் தேய்ந்து மறைகிறது.

நிதியும் அதே பக்கம் சாய்ந்திருக்கிறது. கென்ட் மாவட்டத்தில் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஐட்டம் மோட் என்ற அகழி மாளிகை 1985இல் தேசிய அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது. 1989 முதல் 2004 வரை நடந்த சீரமைப்புக்கு 1 கோடி பவுண்டுக்கு மேல் செலவானது. அது தகுதியான செலவுதான். ஒவ்வொரு உத்தரத்தையும் கழற்றிப் பதிவு செய்து மீண்டும் பொருத்திய பணி அது. ஆனால் நிற்கும் வீடும் அதன் நிழல் விழும் நீரும் மக்களை ஈர்ப்பதால் கிடைக்கிற பணம், புல் மூடிய ஒரு சதுரப் பள்ளத்துக்குக் கிடைப்பதில்லை. இத்தனைக்கும் தொல்லியல் நோக்கில் பார்த்தால், தொடர்ந்து மனிதர் வாழ்ந்து, தரையைப் பலமுறை தோண்டி, அகழியைப் பலமுறை தூர் வாரிய மாளிகையைவிட, 15ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்டு அதன்பின் ஆடு மட்டுமே மேய்ந்த பள்ளத்தில் சான்று அதிகமாக எஞ்சியிருக்க வாய்ப்புண்டு.

மேய்ச்சல் நிலமாக விடுவதே இன்றுவரை கண்ட சிறந்த பாதுகாப்பு. அதிலும் கவனம் வேண்டும். கரையில் மரங்கள் வளர்ந்தால் வேர்கள் அடுக்குகளைக் குலைக்கும். புயலில் மரம் சாய்ந்தால் கரையையே பெயர்த்துக்கொண்டு விழும். முயலும் வளைக்கரடியும் (பேட்ஜர்) தீவின் மென்மையான மண்ணைத் தேடி வளை தோண்டும்; வளைக்கரடி தானே சட்டப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு என்பதால், நினைத்தவுடன் அதை அகற்றவும் முடியாது. பெருங்கொண்டை நீர்ப்பல்லி போன்ற பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள் பழைய அகழிகளில் குடியிருப்பது வழக்கம். ஆகவே ஒரே பள்ளத்துக்கு இரண்டு சட்டங்கள் காவல் நிற்கின்றன. ஒரு வகையில் இது நல்லதே. இரண்டில் ஒன்றாவது இயந்திரத்தைத் தாமதப்படுத்தும்.

உண்மையான ஆபத்து நல்லெண்ணத்தோடு வருவதுதான். அழகுக்காகவோ மீன் விடவோ அகழியை மீண்டும் நீர்நிலை ஆக்க விரும்பும் உரிமையாளர், தோண்டும் இயந்திரத்தை வைத்து அடிவரை சேற்றை வாரிவிடுவார். நீர் பளபளக்கும், படத்துக்கு அழகாக இருக்கும், காலவரிசையோடு படிந்திருந்த அடுக்குகள் ஒரே பிற்பகலில் வயலோரக் குவியலாகிவிடும். இதற்கு நேர்மாறான ஆபத்து வறட்சி. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்‌ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 பாகை செல்சியஸ் பதிவானது. அத்தகைய கோடையில் களிமண் சுருங்கி வெடிக்கும். வெடிப்பு வழியே காற்று அடிச்சேற்றுக்குள் இறங்கும். 700 ஆண்டுகள் தாங்கிய மரச்சட்டம் அடுத்த சில கோடைகளில் நார்நாராகிவிடும். சுற்றியுள்ள வயலுக்கு ஆழ வடிகால் போடும்போதும் இதே விளைவுதான். நிலத்தடி நீர்மட்டம் எல்லைக் கோட்டை மதிப்பதில்லை என்பதால், வளையத்தை மட்டும் காத்துவிட்டு அண்டை வயலின் வடிகாலைக் கவனியாமல் விடுவது பாதிக் காவலே.

புதிய தளங்களும் தொடர்ந்து தெரியவருகின்றன. சுற்றுச்சூழல் முகமை வானிலிருந்து லேசர் ஒளியால் அளந்த நில உயரத் தரவுகளை 2015இல் இலவசமாகத் திறந்துவிட்டது. அதன்பின், மரத்தடியிலும் புல்வெளியிலும் கண்ணுக்குப் புலப்படாத சில அங்குல ஏற்ற இறக்கம்கூடக் கணினித் திரையில் நேர்கோடுகளாகத் தெரிகிறது. இங்கிலாந்தின் அரசு நிலப்படங்கள் பழஞ்சின்னங்களைத் தனிப்பட்ட பழம் எழுத்துருவில் குறிக்கும் மரபுடையவை. அந்த எழுத்துருவில் ‘அகழி’ என்று குறிக்கப்படாத இடங்களிலும் சதுரங்கள் இப்போது தென்படுகின்றன. அவற்றில் எல்லாமே வீட்டு அகழி அல்ல; மீன்குளமாகவோ, பிற்காலத் தோட்ட அலங்காரமாகவோ, செங்கல்லுக்கு மண் எடுத்த குழியாகவோ இருக்கலாம். நேரில் நடந்து பார்த்து, மாவட்ட வரலாற்றுச் சூழல் பதிவேட்டில் சேர்த்த பிறகுதான், அண்டையில் வீடு கட்ட விண்ணப்பம் வரும்போது திட்ட அலுவலரின் கண்ணில் அது படும்.

சால்குரோவைத் தோண்டியிருக்கக் கூடாதா என்று கேட்டால், அன்றைய சூழலில் தோண்டியது சரியே என்பேன். தோண்டாவிட்டால் பதிவே இல்லாமல் போயிருக்கும். ஆனால் அகழாய்வு முடிந்து நூல் வெளிவர கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியில் விதை, மகரந்தம், எலும்பு ஆகியவற்றிலிருந்து தகவல் பெறும் முறைகள் பெரிதும் வளர்ந்தன; எலும்பின் வேதியியலைக் கொண்டு கால்நடை எங்கே மேய்ந்தது என்று சொல்லும் ஆய்வும், சேற்றிலிருந்தே பழைய மரபணுத் துணுக்குகளைப் பிரித்தெடுக்கும் ஆய்வும் 1979இல் களத்தில் நின்றவர்களுக்குக் கைக்கெட்டாதவை. எடுத்து வைத்த எலும்பையும் சில்லையும் மறுபடி ஆராயலாம். எடுக்காமல் விட்ட சேற்று மாதிரியை இனி எடுக்க வழியில்லை. ஆகவே இன்று அகழித் தளம் ஒன்றில் தவிர்க்க முடியாமல் இயந்திரம் இறங்க நேர்ந்தால், முதல் வேலையாகச் செய்ய வேண்டியது கூடத்தைத் தேடுவது அன்று: அகழியின் குறுக்கே கரையிலிருந்து கரைக்கு ஒரு வெட்டு, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் மூடிய மாதிரி, பிற்கால ஆய்வுக்கெனக் குளிரில் வைத்த இன்னொரு தொகுதி. அதற்கு ஆகும் செலவை நிலத்தை மாற்றுகிறவர் ஏற்க வேண்டும் என்ற விதி 1990 முதல் இங்கிலாந்தின் திட்ட அனுமதி வழிகாட்டுதலில் இடம்பெற்றிருக்கிறது. உழவுக்கும் வடிகாலுக்கும் பெரும்பாலும் திட்ட அனுமதியே வேண்டாம் என்பதால், அகழிப் பண்ணைகளில் பலவற்றுக்கு அந்த விதி பொருந்துவதில்லை.